மெழுகு ஒட்டிய தாங்கி: ஃப்ரீசரா, சுடுதண்ணீரா, ஹேர் டிரையரா?

மெழுகுவர்த்தித் தாங்கியில் ஒட்டிக்கிடக்கும் மெழுகை எப்படி எடுப்பது என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பதில் ஃப்ரீசர். இரவு உள்ளே வை, காலையில் தட்டு, மெழுகு தானாக விழும் என்பார்கள். மலேசியாவின் பினாங்கில் அது பாதிதான் சரி. எந்தப் பாதி சரி, மீதிப் பாதிக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய் அகலமான கண்ணாடிக் குவளைக்கு ஃப்ரீசரை எதுவும் வெல்ல முடியாது. உலோகத்துக்குச் சூடுதான்: கைக்கு அடக்கமானது என்றால் சுடுதண்ணீர், பெரியது, கனமானது, வேலைப்பாடு உள்ளது என்றால் ஹேர் டிரையர். கழுத்து குறுகிய கண்ணாடிக்கும் சுடுதண்ணீரே. மரத்துக்கும் மெருகு பூசாத மண் தாங்கிக்கும் தனி வைத்தியம் வேண்டும். அவன் அடுப்பு (oven), மைக்ரோவேவ், பெயின்ட் தின்னர் ஆகிய மூன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்களைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு எழுந்து வேலையைத் தொடங்கலாம்.

மற்றவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். நம் வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் சந்தர்ப்பங்கள் பலவகை, தாங்கியும் அதற்கேற்றபடி மாறும். ஜூலை 26இல் வரும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவையொட்டி வீட்டுப் பீடத்தில் நாள்கணக்கில் எரியும் மெழுகுத்திரிகள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ் மேசை, தீபாவளிக்கு வாசலில் வரிசை வைக்கும் டீலைட் என்ற குட்டி மெழுகுவர்த்திகள், யாரோ திருமணத்துக்குக் கொடுத்த வாசனை மெழுகுக் குவளை. பித்தளைத் தண்டும், மிஸ்டர் டிஐஒய்யில் ஐந்தாறு வெள்ளிக்கு வாங்கிய கண்ணாடியும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே வழியைக் கையாளப்போய்த்தான் பலரும் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில், எதை எடுக்கப் போகிறோம்

மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒரே பொருளில் செய்யப்படுவதில்லை. மலிவான வெள்ளைத் திரி பெரும்பாலும் பாரஃபின். பெட்ரோலியத்திலிருந்து வருவது. வகையைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64. வாசனைக் குவளைகளில் இருக்கும் சோயா மெழுகு மென்மையானது, பல வகைகள் 50 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். செம்பனை விளையும் நாடு இது என்பதால் பனை மெழுகும் இங்கே உண்டு. அது சற்றுக் கடினம், எளிதில் நொறுங்கும், 60 டிகிரியை ஒட்டி உருகும்.

இதிலிருந்து கிடைக்கும் பயனுள்ள செய்தி ஒன்றுதான். சுமார் 75 டிகிரியில் தண்ணீர் இருந்தால் இவை எல்லாமே உருகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றத் தேவையே இல்லை. வெப்பமானி இல்லாத வீட்டுக்கு ஒரு கணக்கு: கெட்டிலில் கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி அளவில் வருவதால், கலவை 75ஐத் தொட்டு நிற்கும். குளிர் நாட்டுக் குறிப்புகளில் வேறு விகிதம் இருக்கும், அங்கே குழாயில் வருவது ஐஸ் மாதிரி தண்ணீர்.

தட்பவெப்பம் இன்னொரு இடத்திலும் குறுக்கே வருகிறது. ‘அறைச் சூட்டிலேயே மெதுவாகச் சுரண்டுங்கள், செதில் செதிலாக வரும்’ என்ற அறிவுரை 18 டிகிரி அறைக்குப் பொருந்தும். ஜார்ஜ் டவுன் கடைவீட்டிலோ ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலோ மதியம் 31, 32 டிகிரி. அந்தச் சூட்டில் மென்மையான மெழுகு உதிராது. கத்தியோடு சேர்ந்து இழுபட்டு, இன்னும் அகலமாக அப்பிக்கொள்ளும். ஆகவே இங்கே நன்றாகக் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக உருக்க வேண்டும். நடுவில் நின்றால் வேலை நடக்காது.

ஃப்ரீசர் எங்கே வெல்கிறது

குளிரில் எல்லாப் பொருளும் சுருங்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. கண்ணாடி சுருங்குவதைப் போல் பத்து மடங்குக்கும் மேல் மெழுகு சுருங்கும். அதனால் வழுவழுப்பான கண்ணாடிச் சுவரிலிருந்து மெழுகு தானாக விலகிக்கொள்ளும். குவளையைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால் வட்டமாக, முழுசாக விழும். கண்ணாடியில் பிசுக்குகூட அதிகம் இருக்காது. இவ்வளவு சுத்தமாக முடியும் வேலை வேறு எந்த வழியிலும் இல்லை. ஒப்பீட்டில் ஃப்ரீசருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் இடம் இது.

ஒரு இரவு முழுக்க வைக்கத் தேவையில்லை. ஐஸ் பெட்டியின் மேல்தட்டு வழக்கமாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் வைத்தாலும் கூடுதல் பயன் இல்லை. வாசனை மெழுகு என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மீனும் ஐஸ் கட்டியும் லாவண்டர் மணக்கும்.

எடுத்ததும் தாமதிக்கக் கூடாது. நம் ஈரக் காற்றில் குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்த உடனே வியர்க்கும், கை வழுக்கும், மெழுகும் வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். துணியால் பிடித்து உடனே தட்டிவிட வேண்டும். விழவில்லை என்றால், விளிம்பில் ஒரு சாத்தே குச்சியை இறக்கி லேசாக நெம்பினால் உள்ளே காற்று போய் மெழுகு கழன்றுவிடும். அப்படியும் வரவில்லை என்று கோபத்தில் நேராகச் சுடுதண்ணீரில் போடுவது கண்ணாடியை உடைக்க நிச்சயமான வழி. மறுபடி குளிர வையுங்கள், அல்லது அறைச் சூட்டுக்கு வர விட்டுச் சுடுதண்ணீருக்கு மாறுங்கள்.

ஃப்ரீசர் தோற்கும் இடங்களும் தெளிவானவை. மெழுகு மெல்லிய படலமாகப் படிந்திருந்தால் சுருங்கி விலகும் அளவுக்கு அதில் வலுவே இருக்காது. சீசா போல் கழுத்து குறுகிய தாங்கியில் மெழுகு கழன்றாலும் வெளியே வர வழி இருக்காது, உள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். வேலைப்பாடு உள்ள உலோகத்தில் பூ, கொடி, வளையம் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் மெழுகு கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, பித்தளை கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், அந்த அளவுக்கு இடைவெளியும் குறையும். இரும்புத் தாங்கி என்றால் வெளியே எடுத்ததும் மேலெல்லாம் தண்ணீர் கோக்கும். துடைக்க மறந்தால் மறுநாள் துரு.

ஜெல் மெழுகுவர்த்திக்கும் ஃப்ரீசர் உதவாது. ஒளி ஊடுருவும், கைபட்டால் ரப்பர் மாதிரி இருக்குமே, அதுதான். கனிம எண்ணெயில் பாலிமர் கலந்து செய்தது, குளிரில் நொறுங்காது. அறைச் சூட்டிலேயே கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, மீதியைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்துவிடலாம்.

சுடுதண்ணீர், அதுவும் அளவாக

ஒரே ஒரு வழியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் வந்தால் நான் சுடுதண்ணீரைத்தான் வைத்துக்கொள்வேன். ஃப்ரீசர் செய்வதை அது சற்று அழுக்கோடு செய்துவிடும், ஃப்ரீசரால் முடியாத பலவற்றையும் செய்யும்.

மெழுகு தண்ணீரைவிட எடை குறைந்தது. உருகினால் மிதக்கும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் மொத்த வேலையும் நடக்கிறது. ஒரு அகலமான பேசினில் பழைய துணி ஒன்றை விரித்துத் தாங்கியை வையுங்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், கண்ணாடியோ பீங்கானோ மெல்லச் சூடேறட்டும். அப்புறம் அதைக் கொட்டிவிட்டு, முன்பு சொன்ன கலவையை உள்ளேயும் வெளியேயும் நிரப்புங்கள். மெழுகு இளகி, துளித்துளியாக மேலே வந்து சேரும். தண்ணீர் ஆறிவிட்டால் இன்னொரு சுற்று. முடிந்ததும் ஒன்றும் செய்யாமல் அப்படியே ஆற விடுங்கள். மேலே வெள்ளைத் தட்டாக உறைந்து நிற்கும் மெழுகை விரலால் தூக்கி எடுத்துவிடலாம்.

இந்த ‘ஆற விடுங்கள்’ என்ற இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். உருகிய மெழுகோடு தண்ணீரை சிங்கில் ஊற்றினால், அது குழாயின் வளைவுக்குப் போகும்போதே உறையத் தொடங்கும். அங்கே ஏற்கெனவே குழம்பு எண்ணெய் படிந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் அடைப்புதான். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார். பேசினை வேலை செய்யும் இடத்திலேயே வைத்து, மெழுகை எடுத்து, தண்ணீரையும் ஒரு பழைய துணியில் வடிகட்டிய பிறகுதான் ஊற்ற வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது. ஏர்கோன் அறையிலிருந்து எடுத்த குவளையில் கொதிநீர் ஊற்றினால் அடி வட்டமாகக் கழன்று வரலாம். அடி தடிமனாக இருப்பது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். உள்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் விரியாமல் நிற்பதால் தடிமனான அடிதான் சீக்கிரம் விரிசல் விடும்.

சுடுதண்ணீரில் போடக்கூடாதவையும் உண்டு. அடியில் வெல்வெட்டோ தக்கையோ ஒட்டிய தாங்கி நனைந்தால் பசை விட்டுப்போகும். உள்ளே கனத்துக்காகத் தார் போன்ற கீலோ சிமெண்டோ நிரப்பிய வெள்ளித் தண்டுகள் உண்டு. தூக்கினால் கனம், தட்டினால் மந்தமான சத்தம். அவற்றை ஊற வைத்தால் உள்ளே இருப்பது இளகி, தண்டு ஆடத் தொடங்கும். பாட்டி காலத்துச் சாமான் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பித்தளையில் இன்னொரு சிக்கல்: கடையில் புதிதாக வாங்கியதில் பெரும்பாலும் மேலே ஒரு அரக்குப் பூச்சு இருக்கும். மாதக்கணக்கில் வெளியே இருந்தும் கறுக்காத பித்தளை என்றால் பூச்சு இருக்கிறது என்று பொருள். கொதிநீரில் அந்தப் பூச்சு வெளுக்கும், செதிலாக உரியும். அதற்கு ஹேர் டிரையரே மேல். பூச்சு இல்லாத பழைய பித்தளையைத் தாராளமாக முக்கலாம்.

பியூட்டர் தாங்கிகள் நம் நாட்டில் நிறைய வீடுகளில் இருக்கின்றன. 1885இல் கோலாலம்பூரில் தொடங்கிய ராயல் சிலாங்கூர் பியூட்டர் நிறுவனம் காரணமாக, ஓய்வு பெறுவோருக்கும் புதுமணத் தம்பதிக்கும் பரிசு என்றால் பியூட்டர் என்றாகிவிட்டது. அதில் பெரும்பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். சுடுதண்ணீருக்கு அசையாது, ஆனால் அடுப்பு நெருப்புக்கு நேராகக் காட்டினால் உருக்குலைந்துவிடும். மென்மையான உலோகம் என்பதால் கத்தி பட்டால் கீறலும் நிரந்தரம்.

ஹேர் டிரையர், பொறுமை உள்ளவர்களுக்கு

பெரிய தண்டுகள், ஐந்து கிளை ஏழு கிளை தாங்கிகள், சுவரில் திருகிய தாங்கிகள். இவற்றை எந்தப் பேசினிலும் முக்க முடியாது, எந்த ஐஸ் பெட்டியிலும் அடைக்க முடியாது. ஆலயத்தில் பீட வேலை செய்யும் அக்காமாரைப் பார்த்தால் தெரியும். திருவிழா முடிந்த வாரம் பித்தளைத் தண்டுகளைக் காலி மேசையில் வரிசையாக நிறுத்தி, அடியில் தினசரித் தாளை விரித்து, ஹேர் டிரையரும் பழைய பனியன் துணியுமாக உட்கார்ந்துவிடுவார்கள். உதவிக்குப் போன என் கையில் வெண்ணெய்க் கத்தியைப் பார்த்த ஒரு அக்கா, “கத்தியக் கீழ வைங்க தம்பி, கீறல் விழுந்தா அடுத்த வருசமும் அது நம்மளப் பாத்துச் சிரிக்கும்” என்றார்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: மெழுகின் மேல் காற்றைக் காட்டாதீர்கள், உலோகத்தின் மேல் காட்டுங்கள். மெழுகைச் சூடாக்கினால் மேல்பகுதி உருகி வழிந்து, இதுவரை சுத்தமாக இருந்த இடத்தையும் நாசமாக்கும். உலோகத்தை வெளிப்பக்கமிருந்து சூடாக்கினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும் முதலில் இளகும். மீதி மெழுகு கட்டியாகவே இருக்க, துணியால் பிடித்துத் திருகினால் மொத்தமாக வந்துவிடும். திரி நிற்கும் கிண்ணத்துக்குள் இறுகிப்போன மெழுகுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

வேகம் குறைவாக, சூடு நடுத்தரமாக வையுங்கள். வேகமான காற்று உருகிய மெழுகைச் சுவர் வரைக்கும் தெளிக்கும். கூடவே மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் அது இரவுபகல் ஓடுவதால் நிறுத்தத் தோன்றாது, ஆனால் இந்தப் பக்கம் நாம் சூடாக்க, அந்தப் பக்கம் அது ஆற்றிக்கொண்டே இருக்கும். வியர்த்துக் கொட்டும்தான். காலை நேரத்தில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை.

கைக்கு அடங்கும் சாதாரணத் தாங்கிக்கு ஹேர் டிரையர் எடுப்பது வீண் வேலை. சுடுதண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், ஹேர் டிரையரோடு நாமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நேரம்தான் இந்த வழியின் உண்மையான விலை. பட்டறையில் பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன் இதற்குப் பதில் ஆகாது. அதன் காற்று 300 டிகிரியைத் தாண்டக்கூடியது. அரக்கு, வண்ணம், பற்றவைத்த இணைப்பு எல்லாம் போய்விடும்.

வெயில் என்ற இலவச அடுப்பு

நம் ஊருக்கே உரிய ஒரு வழியும் உண்டு, குளிர் நாட்டுக் குறிப்புகளில் வராதது. மதிய வெயிலில், கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்த தாங்கி நன்றாகவே சூடேறும். 50 டிகிரியை ஒட்டி உருகும் சோயா மெழுகுக்கு இது போதும், தானாக வழிந்து அடியில் விரித்த தாளில் சேர்ந்துவிடும். தேன்மெழுகும் நல்ல பாரஃபின் திரியும் இளகுமே தவிர உருகாது. பலகணியில் இடம் இருந்து, அன்று மழை வராது என்ற நம்பிக்கையும் இருந்தால் முயலலாம். இரண்டும் ஒரே நாளில் அமைவது அரிது. கண்ணாடி உருண்டை வடிவத் தாங்கி என்றால் வேண்டாம். வெயிலைக் குவித்துத் தாளைப் பற்றவைத்துவிடக்கூடும். அதே காரணத்தால் காருக்குள் வைத்துவிட்டுப் போவதும் கூடாது.

வேண்டாம் என்று நான் சொல்பவை

அவன். வெளிநாட்டுக் குறிப்புகளில் தாங்கியைத் தட்டில் கவிழ்த்து, 80, 90 டிகிரியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்வார்கள். பெரிய அவன், துல்லியமான சூடு, நாம் பக்கத்திலேயே இருக்கிறோம் என்றால் அது வேலை செய்யும். நம் வீடுகளில் பலவற்றில் இருப்பது சின்ன டோஸ்டர் அவன். அதில் 100க்குக் கீழே வைக்கவே பெரும்பாலும் வழி இருக்காது, சூட்டுக் கம்பியும் கைக்கெட்டும் தூரத்தில். மெழுகு கம்பியில் சொட்டினால் புகையோடு நிற்காது, நெருப்பும் பிடிக்கலாம்.

மைக்ரோவேவ். இது ஆபத்து என்பதைவிட, உதவவே உதவாது. பாரஃபின் நுண்ணலையைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. தாங்கி சூடாகும், மெழுகு சும்மா இருக்கும். திரியைப் பிடித்து நிற்கும் உலோக வட்டு அடியில் இருந்துவிட்டால் தீப்பொறியும் பறக்கும்.

நேரடி அடுப்பு. சட்டியில் தாங்கியை வைத்துத் தண்ணீரில்லாமல் சூடேற்றுவது, பழைய மெழுகையெல்லாம் சேர்த்து அடுப்பில் உருக்குவது, இரண்டும் வேண்டாம். மெழுகு 200 டிகிரியை ஒட்டிப் போனால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். பற்றிய மெழுகில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதுதான் வழி. அடங்கவில்லை என்றால் வெளியே வந்து 999க்கு அழைத்து பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் மெழுகைக் கரைக்கும் என்பது உண்மை. அதனால்தான் பெயின்ட் பட்டறைக்காரர்கள் உடனே இதைச் சொல்வார்கள். ஆனால் எந்தப் பொருளில் நெருப்பு ஏற்றப்போகிறோமோ அதே பொருளில் எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தைத் தடவுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் துளி தங்கியிருந்தால் அடுத்த முறை திரி ஏற்றும்போது தெரியும். தின்னர் கூடுதலாக அரக்கையும் வண்ணத்தையும் அக்ரிலிக்கையும் தின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புளி, எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா. வீடியோக்களில் நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாரஃபினை இவை எதுவும் தொடாது. புளி பித்தளையின் கறுப்பைப் போக்கும், காலங்காலமாக நம் வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்வதுதான். மெழுகுப் படலம் மேலே இருக்கும்வரை அந்தப் புளி பித்தளையைச் சென்று சேராது. முதலில் மெழுகு, அப்புறம் புளி. வரிசை மாறினால் திட்டுத் திட்டாக வெளுத்துப்போன தண்டுதான் மிஞ்சும்.

கடைசிப் படலம்

எந்த வழியில் போனாலும் தாங்கியில் வழவழவென்று ஒரு படலம் தங்கும். அதற்குத் தின்னர் தேவையில்லை. துணியில் சில துளி சமையல் எண்ணெய் விட்டுத் தாங்கி வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடையுங்கள். எண்ணெய் மெழுகை இளக்கித் தன்னோடு எடுத்துக்கொள்ளும். பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சூடான தண்ணீரும் எண்ணெயைக் கொண்டுபோய்விடும். விலைச்சீட்டின் பசையும் சேர்ந்து ஒட்டியிருந்தால் தைல எண்ணெய் நன்றாக வேலை செய்யும், அதாவது நாம் ஜலதோஷத்துக்குத் தேய்க்கும் யூகலிப்டஸ். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான் என்பதால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே திரி ஏற்ற வேண்டும்.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் மரக்குச்சி, பழைய டச் அண்ட் கோ பிளாஸ்டிக் அட்டை, பிளாஸ்டிக் கரண்டி. இதற்கு மேல் கூர்மையான எதுவும் வேண்டாம்.

மரம், மண், வண்ணம்

மரத் தாங்கியில் சூடு காட்டினால் உருகிய மெழுகு இழைக்குள் இறங்கிவிடும். ஐஸ் கட்டியைப் பையில் கட்டி மெழுகின் மேல் மட்டும் வைத்து, இறுகியதும் அட்டையால் நெம்பி எடுங்கள். இழைக்குள் ஏற்கெனவே போனதற்கு, மேலே பழுப்புத் தாளை வைத்துக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுக்கலாம். தாள் எண்ணெய்க் கறை போல் நனைந்து வரும், புதுத் தாளாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

மெருகு பூசாத மண் தாங்கிக்கும் குளிர்தான் முதலில், அதுவும் சிவப்பு மெழுகு என்றால் கட்டாயம். சீனக் கோயில்களில் ஏற்றும் சிவப்புத் திரியைப் பலர் வீட்டிலும் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். உருக்கினால் மெழுகோடு சாயமும் மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடும், பிறகு வராது. வெள்ளை மெழுகு என்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம்.

வண்ணம் பூசிய தாங்கி, தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக், அக்ரிலிக்: இவற்றில் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாதீர்கள். சோயா மெழுகு அதிலேயே இளகும். பாரஃபின் என்றால் சிறிது நேரம் ஃப்ரீசர். இரண்டிலும் வரவில்லை, பொருளும் மலிவு என்றால் விட்டுவிடுங்கள். ஐந்து வெள்ளி விலையுள்ள தாங்கிக்காக அரை நாள் உழைப்பது கணக்குக்கு ஒத்துவராது.

அடுத்த முறைக்கு

தேர்வு செய்யும் வேலையையே குறைக்கலாம். தீபாவளி வாசலுக்கு அலுமினியக் கிண்ணத்தோடு வரும் டீலைட்டையே வாங்குங்கள். மெழுகு கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிடும், தாங்கியைத் துடைத்தால் போதும். கிண்ணத்தைக் கழற்றிவிட்டு ஏற்றினால் ஒளி அழகாக வரும் என்று சிலர் செய்வார்கள். அந்த அழகுக்குப் பிறகு ஒரு மணி நேர வேலை காத்திருக்கும். குவளை மெழுகுவர்த்தியை அடிவரை எரிய விடாமல் அரை அங்குலம் மீதி இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அடி வரைக்கும் எரிந்தால் கண்ணாடி அதிகச் சூடாகி வெடிக்கலாம். முன்பே நிறுத்தினால், மீதமுள்ள அரை அங்குலத் தட்டும் ஃப்ரீசரில் முழுசாகக் கழன்று வரும். பீடத்தில் வைக்கும் நீளத் திரிகளுக்கு மேலே செருகும் கண்ணாடி வளையம் கிடைக்கிறது. வழியும் மெழுகை அது தண்டில் விழாமல் பிடித்துக்கொள்ளும். விசிறிக் காற்றுக்கு நேராகத் திரியை வைக்காமல் இருப்பதும் வழிவதைப் பெருமளவு குறைக்கும்.

எடுத்த மெழுகை என்ன செய்வது என்று கேட்டால், மைலோ டின்னில் போட்டு மூடி வையுங்கள். மழைக்காலத்தில் ஊறி இறுகிக்கொள்ளும் மர இழுப்பறையின் விளிம்பில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு திறக்கும். பையின் ஜிப்புக்கும் அதே மருந்து. சாயம் போட்ட மெழுகை மட்டும் துணி படும் இடத்தில் தேய்க்காதீர்கள்.